சீப்பக்காவும் தரைக்குக் கீழே ஒரு பம்பும்

சீப்பக்கா உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. சாப்பிடுவதுகூட நின்றபடிதான். ஒரு கையில் தட்டு, இன்னொரு கையில் கதவுப்பிடி. கொண்டையில் எந்நேரமும் ஒரு சீப்பு செருகியிருக்கும், அதனால் வந்த பெயர். வீட்டில் வைத்த பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், அது தன்னைத்தான் என்று புரிய அவளுக்கே சற்று நேரமாகும்.

தாய் இல்லாத வீட்டில் தங்கையை இடுப்பில் சுமந்து வளர்ந்தவள். முடிவெட்டப் பழகியதும் அந்தத் தங்கையின் தலையில்தான். முதல் தடவை ஒரு பக்கம் காதுக்கு மேலேயும் மறுபக்கம் தோள் வரைக்கும் வந்து நின்றது. தங்கை வெகுநாள் தொப்பியோடு பள்ளிக்கூடம் போனாள். பிறகு கை தேறி, ஊரில் இரண்டு மூன்று இடங்களில் வேலை பார்த்து, கல்யாணமாகி, கடைசியில் சொந்தமாக ஒரு பார்லர் போட்டாள். தங்கை அங்கே இரண்டாவது நாற்காலி. கணவர் நெடுந்தூர லாரி ஓட்டுபவர். வீட்டில் இருப்பதைவிட சாலையில் இருப்பதே அதிகம்.

பார்லர் தரைக்குக் கீழே இருந்தது. மேலே நோட்டுப் புத்தகக் கடை. அதன் பக்கவாட்டில் இறங்கும் படிக்கட்டு முடிகிற இடத்தில் கண்ணாடிக் கதவு. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்க்க முடியாது என்பதாலேயே பெண்களுக்கு அந்த இடம் பிடித்திருந்தது. தலையில் சாயத்தைப் பூசிக்கொண்டு, முகத்தில் எதையோ அப்பிக்கொண்டு, கால்மேல் கால் போட்டு உட்காரலாம். உலகம் தலைக்கு மேலே நடந்து போய்க்கொண்டிருக்கும்.

தெருச் சாக்கடையும் தலைக்கு மேலேதான் போனது. அதுதான் சிக்கல். கீழே தலை கழுவுகிற தண்ணீரும் கழிவறைத் தண்ணீரும் தானாக மேலே ஏறாது. அதற்காகப் பின்னறையில், இரும்பு மூடிக்கு அடியில், ஆள் இறங்கும் அளவுக்கு ஒரு குழி. எல்லாக் கழிவுநீரும் அதில் வந்து சேரும். தண்ணீர் ஏறினால் கூடவே ஒரு மிதவையும் ஏறும். மிதவை ஓர் அளவுக்கு எழும்பியதும் பம்ப் ஓடத் தொடங்கி, அத்தனையையும் குழாய் வழியாக மேலே தள்ளிவிடும். மிதவை இறங்கியதும் நின்றுவிடும். தொடங்கும்போது ஒரு முனகல், முடியும்போது வால்வு மூடுகிற 'டொப்'. அவ்வளவுதான் அதன் பேச்சு. ஆரம்பத்தில் சீப்பக்கா அதைக் காதில் வாங்கியதே இல்லை.

காதில் வாங்க வைத்தது ஒரு கல்யாணம். கணவர் வழிச் சொந்தத்தில் வெளியூரில் நடந்தது. தங்கையிடம் கடையை ஒப்படைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்து படியில் இறங்கினால் கடைசிப் படியைக் காணோம். தண்ணீர். அதில் கத்தை கத்தையாக முடி மிதக்கிறது. ஒரு வாடிக்கையாளர் நாற்காலியில் கால் இரண்டையும் தூக்கி வைத்துக்கொண்டு, தலையில் துண்டோடு, தீவில் மாட்டியவர் போல உட்கார்ந்திருக்கிறார். தங்கை பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளியால் அள்ளி அள்ளிப் படியேறிக்கொண்டிருந்தாள். முகம் துடைத்துப் போடும் ஈரத்துணி கழிவறைக்குள் போய், பம்பின் விசிறியில் சுற்றிக்கொண்டது என்றார்கள். ஒரு வாரம் கடை மூடிக் கிடந்தது. நாற்றம் போக அதற்கும் மேலே ஆனது.

"ஒரே ஒரு நாள் விட்டுட்டுப் போனேன்டி" என்றாள் சீப்பக்கா. அன்றைக்கு அவள் சொன்னது அது மட்டும்தான். ஆனால் அதைப் பல வருஷம் பல விதமாகச் சொன்னாள்.

அதன்பிறகு அவள் எங்கும் போகவில்லை. விசேஷ வீடுகளுக்குத் தங்கை போனாள். கணவர் லாரியில் கூப்பிட்டார், மலைப்பாதை, கடற்கரை என்றெல்லாம் ஆசை காட்டினார். "கடையை யாரு பாப்பா?" என்று ஒரே பதில். கடை என்றால் குழி என்று அவருக்குத் தெரியும்.

காலையில் கடை திறந்ததும் விளக்குக்கு முன்னால் மூடியைத்தான் தூக்குவாள். டார்ச் அடித்துப் பார்ப்பாள். மதியம் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. பேசின் வாய்களில் இரட்டை வலை. வெட்டிய முடி ஒன்றுகூடத் தண்ணீரில் போகக் கூடாது. பஞ்சு, துணி, காகிதம் எதைக் கழிவறைப் பக்கம் கொண்டுபோனாலும் கத்துவாள். முடி நீக்குகிற மெழுகைக் காகிதத்தில் வழித்துத்தான் குப்பையில் போட வேண்டும். இதெல்லாம் சரிதான். இதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. மனசு நிற்கவில்லை. எண்ணெய் தேய்த்துவிட்டுக் கழுவுகிற தலைகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பிசுக்கு குழாய்க்குள் ஒட்டிக்கொண்டு போவது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினால் கரைந்துவிடும் என்று யாரோ சொன்னார்கள். காலையிலும் சாயங்காலமும் பெரிய கெட்டிலில் கொதிக்கவைத்து இரண்டு பேசினிலும் ஊற்ற ஆரம்பித்தாள். ஊற்றும்போது குழாய் களகளவென்று விழுங்கும். அந்தச் சத்தத்தில்தான் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வரும். வாரத்துக்கு ஒருமுறை ஆசிட்டும்.

இன்னொரு பழக்கமும் வந்தது. வாடிக்கையாளர் தலையில் பத்து விரலும் நுரையில் இருக்கும். அவர் கண்ணை மூடிச் சொக்கிப்போயிருப்பார். திடீரென்று சீப்பக்காவின் கை நின்றுவிடும். பின்னறையில் முனகல் கேட்கும். அவள் ஒரு விரலைத் தூக்குவாள். யாரும் பேசக் கூடாது. 'டொப்' என்று மூடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் விரல் இறங்கும். மறுபடி தேய்ப்பாள். கண்ணை மூடியவர்களுக்குத் தெரியாது. கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும் தங்கைக்குத் தெரியும்.

"அக்கா, உங்கிட்ட ஒண்ணு பேசணும்" என்று தங்கை ஆரம்பிப்பாள்.

விரல் மேலே போகும். சத்தம் முடிவதற்குள் அடுத்த வாடிக்கையாளர் படியில் இறங்கிவிடுவார்.

"என்னடி சொல்ல வந்த?"

"ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்."

சீப்பக்காவுக்கு அந்த 'அப்புறம்' பெரிதாகப் படவில்லை. தங்கை எப்போதும் பக்கத்து நாற்காலியில்தானே நிற்கிறாள்?

அப்படியிருக்க ஒருநாள் காலையில் ஒரு தலைமையாசிரியை வந்தார். அந்த ஊரில் பாதிப்பேரை முட்டி போட வைத்தவர். அன்று பிற்பகலில் அவருக்குப் பணி ஓய்வுப் பாராட்டுவிழா. வாழ்நாளில் தலைக்குச் சாயம் போட்டதில்லை.

"போட்டோ எடுத்து ஸ்கூல் சுவத்துல மாட்டி வைக்கப் போறாங்களாம்" என்றார், யாரோ தன்னை வம்புக்கு இழுத்தது போன்ற குரலில். "நான் போனப்புறம் என்னைப் பாத்து எவனும் 'பாட்டி'ன்னு சொல்லக் கூடாது. கறுப்பு வேணாம். கறுப்பு மாதிரி இருக்கணும். புரியுதா?"

"புரியுது மேடம்" என்றாள் தங்கை. சாயம் கலந்து, பகுதி பகுதியாகப் பிரித்துப் பூசி, தலையை மூடி, ஊற வைத்தாள்.

அந்த நேரத்தில் இன்னொரு பெண் கழிவறைக்குப் போய்விட்டு, முகம் சுளித்தபடி வெளியே வந்தாள். "அக்கா, தண்ணி கீழ போக மாட்டேங்குது. மேல வருது."

சீப்பக்கா டார்ச்சை எடுத்துக்கொண்டாள். பின்னறைக்கு ஓடினாள். தரையில் இருந்த வடிகால் துளை வழியாகக் கலங்கல் நீர் குமிழிட்டுப் பரவிக்கொண்டிருந்தது. பம்ப் ஓடவில்லை. முனகல் இல்லை, 'டொப்' இல்லை. எப்போதிலிருந்து இல்லை என்று யோசித்தாள். காலையிலிருந்தா? நேற்றிலிருந்தா? உயிரைக் காதில் வைத்துக்கொண்டு திரிந்தவளுக்கு அது நின்றுபோனது மட்டும் கேட்கவில்லை. சுவிட்சைப் போட்டு அணைத்துப் போட்டாள். மூடியைத் தூக்கினாள். காலையில் பார்த்தபோது வழக்கம்போல மங்கலாக ஏதோ மிதந்தது, இறக்கி மூடிவிட்டாள். இப்போது தண்ணீர் விளிம்புக்கு வந்திருந்தது. அதன்மேல் வெளுத்த மஞ்சளில் கனமான ஆடை ஒன்று, ஆறிப்போன கொழுப்பைப் போல, சுவருக்குச் சுவர் ஒட்டிக்கொண்டு நின்றது. மிதவை எங்கேயோ அதற்கு அடியில் சிக்கியிருந்தது. மேலே வந்தால்தானே பம்புக்கு உத்தரவு போகும்?

துடைப்பக் கட்டையை எடுத்து இடித்தாள். ஆடை அசைந்தது, உடையவில்லை. மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். "வந்துகிட்டே இருக்கேன்மா" என்றார் அவர், எங்கிருந்தோ.

முன்னறையிலிருந்து தலைமையாசிரியையின் குரல். "எரியுதே! இது எரியணுமா?"

"இதோ கழுவிடலாம் மேடம்" என்று தங்கை பேசினில் குழாயைத் திறந்தாள். தண்ணீர் இறங்காமல் சுழன்று நின்றது. உடனே மூடிவிட்டுப் பின்னறை வாசலுக்கு வந்தாள். "அக்கா, சாயத்துக்கு நேரமாச்சு. இதுக்கு மேல விட்டா தலை புண்ணாயிடும்."

"ஒரு சொட்டுத் தண்ணி விடாத!" சீப்பக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "விட்டா உள்ளதான் வரும். கொஞ்சம் பொறுக்கச் சொல்லு."

"தலைக்கு பொறுக்கத் தெரியாதுக்கா."

"நான் என்னடி பண்ணட்டும்? எனக்கு நாலு கையா இருக்கு?"

தங்கை முன்னறைக்குத் திரும்பினாள். பிறகு ஷாம்பு பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கி, துண்டுகளைத் தோளில் போட்டு, டிரையரையும் எடுத்துக்கொண்டு, "மேடம், எந்திரிங்க. மேல போலாம்" என்றாள்.

"மேலன்னா எங்க?"

"தண்ணி இருக்கற இடத்துக்கு."

அப்புறம் நடந்ததை அந்தத் தெருவில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். கறுப்புப் போர்வையும் தலையில் பிளாஸ்டிக் உறையுமாகத் தலைமையாசிரியை படியேறி வெளியே வந்தார். நோட்டுக் கடைக்காரர் கையிலிருந்த பேனாக்களைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார். தெருவைத் தாண்டினால் கார் கழுவுகிற இடம். அதை நடத்துபவரை நுரையண்ணன் என்பார்கள். அவர் ஒரு வண்டியின் கூரைமேல் சோப்பு அடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்க பைப்பு கொஞ்சம் வேணும்" என்றாள் தங்கை.

"எந்த வண்டிம்மா?"

"வண்டி இல்லண்ணே. மேடம்."

நுரையண்ணன் பார்த்தார். அவரும் அதே பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான். வாயைத் திறக்காமல் வேகத்தைக் குறைத்து, தண்ணீரைத் தன் கையில் விட்டுப் பார்த்து, குழாயைப் பவ்யமாக நீட்டினார். தலைமையாசிரியை ஒரு முக்காலியில் உட்கார்ந்து குனிந்தார். தன் கார் கழுவி முடியக் காத்திருந்த ஒரு பெரிய மனிதர், நாற்காலியிலிருந்து அவரையறியாமல் எழுந்து, "குட்மார்னிங் டீச்சர்" என்று சொல்லிவிட்டார்.

"குட்மார்னிங்" என்றார் குனிந்த தலையிலிருந்து தலைமையாசிரியை. "அந்தப் பக்கம் திரும்பி நில்லு. எல்லாரும்தான்."

எல்லாரும் திரும்பி நின்றார்கள். தங்கை ஷாம்பு போட்டு, கறுப்புத் தண்ணீர் வெளுக்கும் வரைக்கும் அலசினாள். நுரையண்ணன் கணக்குப் பார்க்கும் அறையில் இருந்த மின்சாரப் பிளக்கில் டிரையரை மாட்டி உலர்த்தி, சீவி முடித்தாள். கண்ணாடி இல்லை, ஒரு காரின் பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டார் தலைமையாசிரியை. வெகு நேரம் பார்த்தார். "கறுப்பு மாதிரிதான் இருக்கு" என்றார். போகும்போது தங்கையின் கன்னத்தில் ஒரு தட்டு.

இதில் எதையும் சீப்பக்கா பார்க்கவில்லை. அவள் கீழே முழங்காலிட்டு, துடைப்பக் கட்டையால் குழியை இடித்துக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக் வந்தபோது அவள் கையில் கொப்புளம். அவர் முதலில் மின்சாரத்தை நிறுத்தினார். சுவிட்சை மட்டுமல்ல, பிளக்கையும் பிடுங்கி எல்லார் கண்ணிலும் படும்படி மேசைமேல் வைத்தார். தண்ணீரைத் தன் சின்ன மோட்டாரால் வெளியே இறைத்தார். பிறகு சங்கிலியைப் பிடித்துப் பம்பை மேலே இழுத்தார். அது வந்த கோலத்தைப் பார்த்துத் தங்கை மூக்கைப் பொத்திக்கொண்டாள். மிதவையைச் சுற்றி அந்த வெளுத்த பிசுக்கு பாளம் பாளமாக உறைந்து, வலைக்குத் தப்பிய மெல்லிய முடிகளோடு பின்னிக்கொண்டு, குளிர்காலத்துக் கம்பளி மாட்டியது போல இருந்தது.

"என்னம்மா ஊத்துறீங்க இதுக்குள்ள?"

"ஒண்ணும் ஊத்தறதில்லண்ணே. முடி போகாது, பஞ்சு போகாது. மெழுகை வழிச்சுக் குப்பையிலதான் போடுறோம். இந்த ஊர்லயே சுத்தமான குழி இதுதான்."

மெக்கானிக் ஒரு குச்சியால் பாளத்தைப் பிய்த்துப் பார்த்தார். "எண்ணெய், ஷாம்பு, கண்டிஷனர், பாத்திரத்துல ஒட்டின மெழுகு. எல்லா பார்லர்லயும் கொஞ்சம் வரும். பேசினுக்குக் கீழ இருக்கற வளைவுலயே தங்கிடும். கழட்டி எடுத்துப் போட்டுடலாம். இங்க மொத்தமும் குழிக்கு வந்து சேந்திருக்கே. சுடுதண்ணி ஊத்துறீங்களா?"

"கொதிக்கக் கொதிக்க!" என்றாள் சீப்பக்கா. சொல்லும்போது நிமிர்ந்துகொண்டாள். "காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. ஒரு நாள் தவறினதில்ல."

"அதான்" என்றார் மெக்கானிக்.

"எது?"

"சூடு இருக்கற வரைக்கும் உருகி ஓடும்மா. கீழ பச்சத் தண்ணியில விழுந்ததும் கட்டிப் பிடிச்சுக்கும். பேசின்ல கையால எடுக்க வேண்டியதை உருக்கி உருக்கி நீங்களே குழிக்கு அனுப்பிட்டு இருந்திருக்கீங்க. இந்த ரப்பரைப் பாருங்க, பழைய செருப்பு மாதிரி வெடிச்சுக் கிடக்கு. ஆசிட்டும் ஊத்துறீங்களோ?"

சீப்பக்கா தலையை மட்டும் ஆட்டினாள். திரும்பித் தங்கையைப் பார்த்தாள். தங்கை சிரிப்பாள், அல்லது ஒரு வார்த்தை குத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அப்படி ஏதாவது செய்திருந்தால் பதிலுக்குக் கத்தி ஆறியிருக்கலாம். தங்கை கையைத் துடைத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டாள்.

மெக்கானிக் சுரண்டிக் கழுவி, ரப்பர் மாற்றி, பம்பை இறக்கி, மிதவையைக் கையால் தூக்கி ஓட்டிக் காட்டினார். முனகியது. 'டொப்' என்றது. சீப்பக்காவுக்கு அந்தச் சத்தம் இனிக்கவில்லை. கணவருக்குப் போன் செய்தாள். எங்கேயோ சாலை இரைச்சலுக்கு நடுவில் அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "உன் கொதிப்பை நான் தாங்கிட்டேன், பாவம் அந்த பம்புக்குத் தாங்கல" என்று சிரித்தார். அவள் போனை வைத்துவிட்டாள்.

தங்கை படிக்கட்டின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். சீப்பக்கா இரண்டு படி கீழே நின்றாள். நின்றவள், என்ன தோன்றியதோ, உட்கார்ந்தாள்.

"மேடம் என்ன சொன்னாங்க?"

"நல்லாருக்குன்னு சொன்னாங்க."

"நான் மேல வந்திருக்கணும்."

"ஆமா."

தெருவில் வண்டிகள் போயின. சீப்பக்கா கொண்டையிலிருந்து சீப்பை உருவி, பல்லை நெருடிக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு அந்த ஈரத்துணியக்கூட வேற யாராவது போட்டிருப்பாங்களோ என்னமோ. நான்தான் உன்னையே..."

"இல்லக்கா. நான்தான் போட்டேன். அவசரத்துல ரெண்டு மூணு. தெரியாம இல்ல, சோம்பேறித்தனம்." தங்கை அக்காவைப் பார்த்தாள். "அதுக்கு எத்தனை வருஷம்க்கா?"

சீப்பக்கா சீப்பை மறுபடி கொண்டையில் செருகினாள்.

"நான் வேலைக்குச் சொல்லி வச்சிருந்தேன். கிடைச்சிடுச்சு" என்றாள் தங்கை. "கப்பல்ல. ஆளுங்களை ஏத்திக்கிட்டு ஊர் ஊராப் போகுமில்ல, அதுல பார்லர் இருக்கு. அடுத்த மாசம் ஏறணும்."

"கப்பலா?" என்றாள் சீப்பக்கா. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலியா உனக்கு?"

"சொல்ல வந்தேன். ஒவ்வொரு தடவையும் நீ விரலைத் தூக்கிடுவ."

சீப்பக்கா அழவில்லை. அழுதிருந்தால் தங்கைக்குச் சுலபமாக இருந்திருக்கும். எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். கடைசியில் அவள் கேட்டது இதைத்தான்: "தங்கறது எங்கடி?"

"கப்பல்லயே ரூம் குடுப்பாங்க. அடி மாடியில. தண்ணி மட்டத்துக்குக் கீழ வரும்னு சொன்னாங்க."

"தண்ணிக்குக் கீழயா!" சீப்பக்கா எழுந்துவிட்டாள். "அங்க கழுவுற தண்ணியெல்லாம் எப்படிடி மேல போகும்? பம்பை யாரு பாப்பா?"

தங்கை அவளையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அடக்க அடக்கச் சிரிப்பு பொங்கியது. நோட்டுக் கடைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு. சீப்பக்காவுக்குக் கோபம் வந்தது, பிறகு அவளுக்கும் வாய் கோணியது. எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அந்த மாதம் முழுக்க சீப்பக்கா கையைக் கட்டிக்கொண்டு இருக்கப் பழகினாள். அது கொதிக்கும் தண்ணீரைத் தூக்குவதைவிடக் கஷ்டம். கெட்டிலை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். எண்ணெய்த் தலைகளைக் கழுவுமுன் பழைய துண்டால் அழுத்தித் துடைத்து எண்ணெயை எடுத்தாள். பேசினுக்கு அடியிலிருந்த வளைவைக் கழற்றி, சேர்ந்திருக்கும் பிசுக்கைக் காகிதத்தில் எடுத்துப் போடத் தங்கையிடமே கற்றுக்கொண்டாள். மெக்கானிக் காட்டித்தந்தபோது அவள் கவனிக்கவில்லை, தங்கை கவனித்திருந்தாள். குழியை மெக்கானிக் அவ்வப்போது வந்து இறைத்துக் கழுவுவது என்று ஏற்பாடானது. தண்ணீர் அளவுக்கு மீறி ஏறினால் அலறுகிற மணி ஒன்றையும் அவர் மாட்டினார். மணியை எங்கே வைப்பது என்று கேட்டபோது, "என் தலைமாட்டுல" என்றாள் சீப்பக்கா. தங்கை முறைத்தாள். மணி நோட்டுக் கடைக்குப் போனது.

மூடியைத் தூக்கிப் பார்க்கும் கை மட்டும் நிற்கவில்லை. பின்னறைக்குப் போவாள், மூடிவரைக்கும் குனிவாள், பல்லைக் கடித்துக்கொண்டு திரும்புவாள். சில நாள் திரும்பாமல் தூக்கியும் பார்ப்பாள்.

கப்பல் கிளம்பும் துறைமுகத்துக்குக் கணவருக்குச் சரக்கு கிடைத்தது. கிடைத்ததா, கேட்டு வாங்கினாரா என்று அவர் சொல்லவில்லை. மூன்று பேரும் லாரியின் முன்பக்கத்தில் நெருக்கிக்கொண்டு போனார்கள். கடைச் சாவி நோட்டுக் கடைக்காரரிடம். முதல் டீக்கடை வருவதற்குள் சீப்பக்கா அவருக்குப் போன் போட்டுவிட்டாள்.

"மணி அடிச்சுதா?"

"இல்லம்மா."

"அடிச்சா கேக்கும்ல?"

"செத்தவனுக்கும் கேக்கும். நீங்க நிம்மதியா போய்ட்டு வாங்க."

நிம்மதியாக எங்கே போனாள்? ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். தங்கையின் பையை எடுத்து மடியில் வைத்தாள், மறுபடி அவள் மடிக்கே தள்ளினாள். கத்தரிக்கோல் எடுத்துக்கொண்டாளா, கம்பளி எடுத்துக்கொண்டாளா, வாந்தி வந்தால் போட மாத்திரை எடுத்துக்கொண்டாளா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். "அந்தக் கல்யாணத்துக்குப் போனப்போ என்கிட்ட இவ்வளவு கேக்கலயே" என்றாள் தங்கை. அது குத்தலா வேடிக்கையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கணவர் பாட்டைச் சத்தமாக வைத்தார். ஒரு மேட்டில் ஏறியதும் கடல் தெரிந்தது.

கப்பல் அவள் நினைத்ததைவிட மிகப் பெரிதாக இருந்தது. ஒரு தெருவையே நிமிர்த்தி வைத்தது போல, அடுக்கடுக்காக ஜன்னல்கள். அதன் பக்கவாட்டில், வெகு கீழே, ஒரு துளையிலிருந்து தண்ணீர் சரம் சரமாகக் கடலில் கொட்டிக்கொண்டிருந்தது.

"அங்க பாருடி, ஒழுகுது!"

"ஒழுகலக்கா. அது அவங்க பம்ப்பு. வெளிய தள்ளுது."

சீப்பக்கா கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். தண்ணீர் விட்டு விட்டு வராமல் ஒரே சீராக வந்தது. "நல்லாத்தான் ஓடுது" என்று முனகினாள்.

தங்கை அவளைக் கட்டிக்கொண்டாள். சீப்பக்காவுக்குக் கட்டிக்கொள்ளத் தெரியாது. தங்கையின் பின்னலைப் பிடித்து, கலைந்திருந்த நுனியை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டிவிட்டாள். "தண்ணியில ஏதாச்சும் ஒண்ணுன்னா மேல ஓடி வந்துடு. சாமானைத் தேடிக்கிட்டு நிக்காத" என்றாள்.

"சரிக்கா."

"சரிங்கறத வாயால மட்டும் சொல்லாத."

திரும்பி வந்து கடையைத் திறந்தபோது தரை காய்ந்து கிடந்தது. மணி ஒருமுறையும் அடிக்கவில்லையாம். அடிக்கவில்லையே என்று நோட்டுக் கடைக்காரருக்கே கொஞ்சம் வருத்தம் போலிருந்தது. இரண்டாவது நாற்காலிக்குச் சில வாரங்களில் வேறொரு பெண் வந்து சேர்ந்தாள். கைவேலை சுமார், பேச்சு அதிகம்.

சீப்பக்கா இப்போதும் நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறாள். குழியைப் பற்றி யாராவது கேட்டால், "அது கெடக்கு" என்கிறாள். கடையில் புதிதாக ஒரு சின்ன டிவி வந்திருக்கிறது. செய்தியில் வானிலை வரும் நேரத்துக்கு அதன் சத்தத்தைக் கூட்டிவிட்டு, நாற்காலியில் இருப்பவரின் ஈரத்தலைக்குப் பின்னால் கத்தரிக்கோலும் கையுமாக நிற்பாள். காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது, அலை எவ்வளவு உயரம் என்று கேட்டுக்கொள்வாள். புரியாத இடங்களை வாடிக்கையாளரிடம் கேட்பாள்.

"இந்தத் தென்கிழக்குன்னா நமக்கு எந்தப் பக்கம்மா? கப்பல் அந்தப் பக்கம் போகாதுல்ல?"

தெரியாது என்று சொன்னால் அவளுக்கு முகம் வாடிவிடும். அதனால் பலரும் போகாது என்றே சொல்லிவிடுகிறார்கள்.